ஓதச் சுவரும் பாத்ரூம் ஈயும்: ஒரு மழைக்கால வேலைக் குறிப்பு

எங்கள் வீடு தாம்பரத்துக்கு மேற்கே, ஓர் ஏரிக்கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. 1998-ல் அப்பா கட்டியது, தரைத்தளம் மட்டும். 2023 ஐப்பசியில் பாத்ரூம் சுவரில் தொடங்கிய வேலை 2024 பங்குனியில் படுக்கையறைச் சுவரில் போய் முடிந்தது. நடுவில் என்ன பூச்சி, எங்கே, எத்தனை என்று மகளின் பழைய ரஃப் நோட்டில் தேதி போட்டு எழுதி வந்தேன். அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். எண்கள் எல்லாம் என் வீட்டு எண்கள். உங்கள் வீட்டுக்குப் பொருந்தவேண்டும் என்றில்லை.

மிளகு தூவிய சுவர்

பின்பக்க பாத்ரூம் அப்பா இருந்தவரை அவருடையது. இப்போது ஊரிலிருந்து யாராவது வந்தால்தான் அதன் கதவு திறக்கும். அக்டோபர் கடைசியில் சித்தப்பா வந்திருந்தபோது, "என்னடா, சுவர் முழுக்க மிளகு தூவின மாதிரி இருக்கு" என்றார். போய்ப் பார்த்தேன். கறுஞ்சாம்பல் நிறத்தில் பொடிப் பூச்சிகள். எண்ணியதில் நாற்பத்தொன்று. ஒவ்வொன்றும் எள்ளளவு, சில அதைவிடக் கொஞ்சம் பெரிது. சிறகை விரித்து உட்கார்ந்தால் மேலிருந்து பார்க்க அரசிலை வடிவம். விரட்டினால் தூரம் போகாது. தத்தித் தத்தி ஒரு முழம் பறந்து மறுபடி சுவரிலேயே ஒட்டிக்கொள்ளும். நசுக்கினால் விரலில் சாம்பல் படியும்.

"அந்துப்பூச்சிடா இது. அப்பா ஸ்வெட்டரையெல்லாம் எடுத்து வெயில்ல போடு" என்றாள் அம்மா. வெயிலே இல்லாத வாரம் அது. அந்துருண்டை நாலு வாங்கி வந்து தரை ஜாலியின் மேல் போட்டேன். பாத்ரூம் துணிக்கடை மாதிரி மணந்தது, பூச்சி அப்படியே இருந்தது. அடுத்தது ஸ்பிரே. அன்றைக்கு எல்லாமே செத்து விழுந்தன. நாலாம் நாள் காலையில் முப்பத்தாறு.

மூன்றாவதாகச் செய்தது முட்டாள்தனம். ஜாலிக்குள் பாத்ரூம் ஆசிட் ஊற்றினேன். அரைமணி நேரம் கழித்து, போதாதோ என்று ப்ளீச்சிங் பவுடரையும் கரைத்து அதே துளையில் ஊற்றினேன். தொண்டையை யாரோ பிடித்த மாதிரி இருந்தது. கண் எரிந்து, மூச்சு முட்டி, கதவைத் திறந்துகொண்டு கொல்லைக்கு ஓடிவந்தேன். ஆசிடும் ப்ளீச்சிங் பவுடரும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும். பள்ளிக்கூடத்தில் படித்ததுதான், பாத்ரூமில் நினைவுக்கு வரவில்லை. இரண்டு நாள் இருமினேன். என் மனைவி அந்த இரண்டு நாளும் என்னோடு பேசிய ஒரே விஷயம் அந்த ஆசிட் பாட்டில்தான். தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். அதற்குப் பிறகும் பூச்சி வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இருமிக்கொண்டு படுத்திருந்தபோதுதான் அது என்ன பூச்சி என்று நிதானமாகப் பார்த்தேன். பார்க்க அந்து மாதிரி இருந்தாலும் இது ஈ இனம். சிறகிலும் உடம்பிலும் ரோமம் இருப்பதால்தான் அந்து போலத் தெரிகிறது. கடிக்காது, துணியையும் தின்னாது. சாக்கடைக் குழாயின் உள்சுவரில் வழுவழுவென்று கசடு படியுமே, சோப்பும் முடியும் அழுக்கும் சேர்ந்த பாசி போன்ற ஒன்று, அதில்தான் முட்டையிடும். புழு அதைத் தின்றே வளரும். முட்டையிலிருந்து சிறகு முளைக்க இரண்டு மூன்று வாரம். சுவரில் உட்கார்ந்திருப்பதைக் கொன்றால் அன்றைய கூட்டம் மட்டும் போகும். குழாய்க்குள் இருக்கும் அடுத்த கூட்டம் நாளைக்கு வரும். ஆசிடும் ப்ளீச்சும் கசடின் மேலே வழுக்கிக்கொண்டு ஓடிவிடும். உள்ளே புதைந்திருக்கும் புழுவுக்குப் பெரிதாக ஒன்றும் ஆவதில்லை. கொதிக்கும் வெந்நீர் ஊற்றச் சொல்பவர்கள் உண்டு. பி.வி.சி. குழாய் அந்தச் சூட்டில் இளகும், ஜாயின்ட் விட்டுப்போகும். அந்த வழிக்கு நான் போகவில்லை.

செலோடேப் சோதனை

வீட்டில் தண்ணீர் போகும் துளைகள் ஆறு. எதிலிருந்து வருகிறது என்று தெரிய, ராத்திரி படுக்கப் போகுமுன் ஆறிலும் அகலமான பேக்கிங் டேப்பைக் குறுக்காக ஒட்டினேன். பசைப் பக்கம் கீழே. காற்றுப் போக ஓரத்தில் கொஞ்சம் இடம். காலையில் பின்பக்க பாத்ரூம் டேப்பில் பதினான்கு ஈ. சமையலறை சிங்க்கில் ஒன்று. மற்றவை சுத்தம். செலவு இருபது ரூபாய்கூட ஆகவில்லை. முதல் நாளே இதைச் செய்திருந்தால் அந்த ஆசிட் கதை நடந்திருக்காது.

ஜாலியைத் தூக்கினேன். கீழே இருப்பதை பிளம்பர்கள் நஹானி ட்ராப் என்பார்கள். அதற்குள் ஒரு கிண்ணம் கவிழ்ந்திருக்க வேண்டும். அதைச் சுற்றி எப்போதும் இரண்டு அங்குலத் தண்ணீர் நின்று, சாக்கடைக் காற்றையும் பூச்சியையும் மேலே விடாமல் தடுக்கும். எங்கள் ட்ராப்பில் கிண்ணத்தைக் காணோம். தண்ணீர் சீக்கிரம் இறங்கட்டும் என்று எப்போதோ யாரோ கழற்றி எறிந்திருக்கிறார்கள். நிறைய வீடுகளில் இப்படித்தான் என்று ஹார்டுவேர் கடைக்காரர் சொன்னார். போதாததற்கு வாரக்கணக்கில் யாரும் குளிக்காத பாத்ரூம். மிச்சம் நின்ற தண்ணீரும் வற்றியிருந்தது.

பிடி நீளமான பாட்டில் பிரஷ் ஒன்றும், கையுறையும், பழைய டூத் பிரஷ்ஷும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஒன்றரை மணி நேரம். குழாயில் கை எட்டும் தூரம்வரை தேய்த்துத் தேய்த்து, வந்த கசடை வழித்து ஒரு பழைய டப்பாவில் போட்டேன். அதை மறுபடி துளையில் தள்ளிவிட்டால் வேறு இடத்தில் போய்ப் படியும். டப்பாவில் மெல்லிய சாம்பல் புழுக்கள் நெளிந்தன, அரை அங்குலம்கூட இல்லை. மகள் அதைப் பார்த்த பிறகு அன்றைக்குச் சாப்பிடவில்லை. புதுக் கிண்ணம் வாங்கிப் பொருத்தினேன். தினம் ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றுவது என்று முடிவு. ஊருக்குப் போனால் தண்ணீரின் மேல் ஒரு ஸ்பூன் எண்ணெய், வற்றுவது தாமதப்படும்.

நோட்டில் அடுத்த வரிகள் இப்படி: நவம்பர் 9, பதினொன்று. நவம்பர் 13, ஒன்பது. நவம்பர் 20, பத்து. குறைந்தது, ஆனால் குறைவது அதோடு நின்றுவிட்டது. மூன்று வாரமும் தாண்டப்போகிறது. இனிக் குழாயிலிருந்து வர நியாயமில்லை. மறுபடி டேப் ஒட்டினேன். டேப்பில் ஒன்றுகூட இல்லை, சுவரில் எட்டு.

டைல்ஸுக்கு அடியில்

அன்றைக்கு என் மனைவி கூப்பிட்டாள். "என்னங்க, இங்க பாருங்க, தெள்ளுப்பூச்சி. தெரு நாய் ஏதாவது உள்ள வந்துச்சா?" ட்ராப்பை ஒட்டிய மூலையில் டைல்ஸ் இடுக்கிலிருந்து கடுகைவிடச் சிறிய சாம்பல் புள்ளிகள் துள்ளின. டிஷ்யூவால் ஒன்றை அழுத்தினேன், உடனே கூழாகிவிட்டது. தெள்ளுப்பூச்சி அப்படிச் சாகாது. அதன் தோல் கெட்டி, நகத்தின் மேல் வைத்து நசுக்கினால்தான் உண்டு. இது ஸ்பிரிங்டெயில். வயிற்றுக்கு அடியில் மடிந்த வால் ஒன்று இருக்கிறது; அதை விடுவித்தால் தூக்கி எறிந்த மாதிரி துள்ளும். பூஞ்சை, மக்கிய இலைதான் அதன் சாப்பாடு. காய்ந்த இடத்தில் உயிரோடு இருக்கவே முடியாது. நமக்கு எந்தக் கெடுதலும் இல்லை. ஆனால் அது வருகிற இடுக்கில் ஈரம் நிரந்தரமாக இருக்கிறது என்று அர்த்தம்.

ஒரு ரூபாய் நாணயத்தால் டைல்ஸை வரிசையாகத் தட்டிப் பார்த்தேன். கதவுப் பக்கம் கெட்டிச் சத்தம். ட்ராப்பைச் சுற்றி மூன்று டைல்ஸில் பானையைத் தட்டுவது போல வெற்றுச் சத்தம். இடுக்கில் போட்டிருந்த வெள்ளை சிமெண்ட் எப்போதோ கரைந்துவிட்டது. என்னுடைய ஆசிட்டும் அதில் தன் பங்கைச் செய்திருக்கும். ஊற்றுகிற தண்ணீரில் ஒரு பகுதி ஜாலிக்குப் போகாமல் டைல்ஸுக்கு அடியில் இறங்குகிறது.

உளியும் சுத்தியும் எடுத்து நானே பெயர்த்தேன். மூன்றில் ஒன்று உடைந்தது. அடியில் இருந்தது மணல் என்று சொல்ல முடியாது. கறுப்புச் சேறு, அழுகிய முட்டை வாடை. டப்பாவில் பார்த்த அதே புழு இதிலும். குழாயை எவ்வளவு தேய்த்திருந்தாலும் இந்த ஈ போயிருக்காது. அதன் தொட்டில் இங்கேதான் இருந்தது.

இரண்டு பாண்டு சேறு அள்ளினேன். கெட்டித் தளம் தெரியும்வரை சுரண்டிவிட்டு, டேபிள் ஃபேனை வாசற்படியில் வைத்து ஐந்து நாள் ஓடவிட்டேன். பிறகு சிமெண்ட் கலவை போட்டு, ட்ராப்பை நோக்கி மூன்றடிக்கு அரை அங்குலம் சரிவு வைத்து டைல்ஸைப் பதித்தேன். இடுக்குக்கு வெள்ளை சிமெண்ட் வேண்டாம் என்று எபாக்ஸி வாங்கினேன். விலை கூடுதல். கலந்தால் சீக்கிரம் இறுகிவிடும் என்பதால் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கலக்க வேண்டும். நான் முதலில் முழுப் பாக்கெட்டையும் கலந்து பாதியைக் கல்லாக்கினேன். ட்ராப்பின் விளிம்புக்கும் டைல்ஸுக்கும் இடையில் இருக்கும் வட்டமான சந்துதான் முக்கியம். பெரும்பாலும் அங்கேதான் விடுவார்கள்.

டிசம்பர் 2, நோட்டில்: பாத்ரூம், மூன்று.

புயலும் ரயில் பூச்சியும்

டிசம்பர் 3 ராத்திரியும் 4-ம் தேதியும் மிக்ஜாம் புயல் மழை கொட்டியது. எங்கள் பகுதியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. வீட்டுக்குள் தண்ணீர் வரவில்லை, வாசல் முதல் படி முழுகியது. வீட்டுக்கும் காம்பவுண்டுக்கும் நடுவில் உள்ள சந்தில் மூன்று நாள் தண்ணீர் நின்றது. கரண்ட் இல்லை, ஃபேன் இல்லை, ஜன்னல் திறக்க முடியவில்லை.

தண்ணீர் இறங்க இறங்க மரவட்டை ஏறியது. மகள் அதை ரயில் பூச்சி என்றுதான் சொல்வாள். காலையில் முறம் நிறையப் பெருக்கினோம். அம்மா உப்புப் பொட்டலத்தோடு சந்துக்குக் கிளம்பினாள். சுவரோரமாகக் கோடு போடப் போகிறாளாம். தடுத்துவிட்டேன். மரவட்டை கடிக்காது, மண் நனைந்து மூச்சுமுட்டினால் மேடு தேடி வரும், காய்ந்தால் தானே போகும். உப்போ செங்கல்லுக்குள் இறங்கினால் திரும்பப் போகாது, காற்றிலிருக்கும் ஈரத்தையும் இழுத்துக்கொண்டு உட்காரும். அந்தச் சுவருக்கு ஏற்கெனவே அந்த வியாதி இருந்தது.

பீரோவுக்குப் பின்னால்

சந்தை ஒட்டிய படுக்கையறையின் மேற்குச் சுவரில் தரையிலிருந்து இரண்டடி உயரம்வரை பெயின்ட் கொப்பளித்து, உப்புப் பூத்திருந்தது. ஓதம், அதாவது மண்ணின் ஈரம், சுவரில் ஏறுகிறது என்று தெரியும். வருஷா வருஷம் சுரண்டி, பட்டி பார்த்து, பெயின்ட் அடித்து மறைத்துக்கொண்டிருந்தோம். சுவரை மறைக்க மரப் பீரோ வேறு.

புயல் முடிந்து பீரோவை நகர்த்தினேன். பின்பலகையில் சாம்பல் பூத்த மாதிரி பூஞ்சணம். அதன் மேல் ஏதோ தூசி நகர்ந்தது. மொபைலில் மாட்டும் சின்ன லென்ஸ் வைத்துப் பார்த்தால் தூசிக்கு ஆறு கால். ஒரு மில்லிமீட்டர், வெளிர் மஞ்சள், இறக்கை இல்லை. புத்தகப் பேன் என்று சொல்லலாம், ஆனால் ரத்தம் குடிக்கிற பேனுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. பூஞ்சையைத்தான் மேயும். பழைய ரவையிலும் மைதாவிலும் மழைக்காலத்தில் ஊர்வது பெரும்பாலும் இதன் வகையறாதான். ரவையை வறுத்து வைக்கும் நம் பழக்கத்துக்கு இந்தப் பூச்சியும் ஒரு காரணமாக இருக்கலாம். தண்ணீரைத் தேடிப் போகவேண்டிய அவசியமே இதற்கு இல்லை. காற்றிலிருக்கும் ஈரத்தையே உடம்புக்குள் இழுத்துக்கொள்ளும். அதுவே இதன் பலவீனமும். காற்றின் ஈரப்பதம் 50 சதவீதத்துக்குக் கீழே போய் அப்படியே நின்றால் உடம்பு வற்றிச் செத்துவிடும்.

ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டர் ஒன்று வாங்கினேன், சில நூறு ரூபாய்தான். டிசம்பர் 10 காலை: ஹால் 76. படுக்கையறை நடுவில் 78. பீரோ இருந்த இடத்தில் சுவரை ஒட்டி 89.

பீரோவின் அடித்தட்டில் அப்பாவின் புத்தகங்கள். எடுத்தபோது வெள்ளி நிறத்தில் ஒன்று வழுக்கிக்கொண்டு ஓடியது. இராமபாணம். நல்ல பெயர்தான் வைத்திருக்கிறார்கள். அட்டையிலிருந்து அட்டைக்குத் துளைத்துக்கொண்டு போகும் என்று நினைத்து வைத்த பெயராக இருக்கவேண்டும். உண்மையில் அப்படி நேராகத் துளைப்பது வேறு வண்டின் புழு. இராமபாணம் மேலாகச் சுரண்டும்: பைண்டிங் பசை, கஞ்சி, பளபளப்பான தாள். ஓரங்கள் கோணல்மாணலாக அரித்திருந்தால் இது. குண்டூசித் துளை மாதிரி இருந்தால் அது. இரண்டுக்கும் வைத்தியம் ஒன்றல்ல, அதனால் பார்த்துக்கொள்வது நல்லது.

இராமபாணத்துக்குப் பொறி வைத்தேன். கண்ணாடி ஹார்லிக்ஸ் பாட்டிலின் வெளிப்பக்கம் முழுக்கச் சொரசொரப்பான டேப். உள்ளே ஒரு ஸ்பூன் கோதுமை மாவு. டேப்பைப் பிடித்து ஏறி உள்ளே இறங்கும், வழுக்கும் கண்ணாடியில் திரும்ப ஏற முடியாது. முதல் ராத்திரி ஏழு, இரண்டாம் ராத்திரி நான்கு. கேரம் போர்டு பவுடரும் தூவினேன். போரிக் பவுடர் என்று அட்டையில் போட்டிருப்பதாகப் பார்த்து வாங்க வேண்டும், குழந்தைகள் கை படாத சந்தில் மட்டும் மெல்லிசாகத் தூவ வேண்டும். அலமாரி இடுக்கில் அது வேலை செய்தது. சுவரோரமாகத் தூவியது ஒரே வாரத்தில் ஈரம் குடித்துக் கட்டியாகிவிட்டது. அதன் மேலேயே இராமபாணம் நடந்துபோனதை நானே பார்த்தேன்.

அரிப்பு அதிகமிருந்த பதினெட்டுப் புத்தகங்களை ஜிப் கவரில் போட்டு, காற்றை அமுக்கி வெளியேற்றி, ஃப்ரீஸரில் இரண்டு வாரம் வைத்தேன். "சரஸ்வதியைக் கொண்டுபோய் ஐஸ் பெட்டியில வைக்கிறியேடா" என்று அம்மா வருத்தப்பட்டாள். வெளியே எடுத்ததும் கவரைத் திறக்கக் கூடாது. அறைச் சூட்டுக்கு வர ஒரு நாள் விட வேண்டும், இல்லையென்றால் குளிர்ந்த தாளில் காற்றின் ஈரம் வேர்த்துவிடும். இதை நான் முதல் இரண்டு புத்தகத்தில் கற்றுக்கொண்டேன்.

அம்மாவுக்காக ஒன்று செய்தேன். தஞ்சை சரசுவதி மகால் நூலகத்தில் சுவடிகளுக்கு வைப்பது போல, வசம்பு, கருஞ்சீரகம், கிராம்பு, மிளகு, பட்டை பொடித்துக் கற்பூரம் சேர்த்துத் துணியில் முடிந்து தட்டுக்கு ஒன்றாக வைத்தேன். நல்ல மணம். ஆனால் சுவர் ஈரமாக இருக்கும்வரை இதைக் கொண்டு மட்டும் சமாளிக்கலாம் என்று நான் நம்பவில்லை.

சந்தைத் தோண்டியது

இந்த இடத்தில்தான் நோட்டை முதலிலிருந்து புரட்டினேன். ஈ வந்த இடத்தில் குழாய்க் கசடு. துள்ளும் பூச்சி வந்த இடத்தில் டைல்ஸுக்கு அடியில் தண்ணீர். புத்தகப் பேன் இருக்கும் இடத்தில் சுவருக்குள் ஈரம். இரண்டு மாதமாகப் பூச்சியை நான் விரட்டிக்கொண்டிருந்தேன். அவை ஒவ்வொன்றும் ஒரு கசிவின் மேல் உட்கார்ந்துகொண்டு இடம் காட்டியிருக்கின்றன. சரி, சுவருக்குள் இருக்கும் இந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது?

முதலில் அது சுவரிலிருந்து வருகிறதா, அறைக் காற்றிலிருந்தா என்று பார்க்க வேண்டும். ஓரடிச் சதுரமாகப் பாலித்தீன் தாளை வெட்டி, சுவரில் ஒரு நல்ல இடம் பார்த்து நாலு பக்கமும் டேப் ஒட்டினேன். இரண்டு நாள் கழித்துத் தாளின் உள்பக்கம், அதாவது சுவர்ப் பக்கம், முத்து முத்தாக வேர்த்திருந்தது. வெளிப்பக்கம் காய்ந்திருந்தது. சுவர்தான்.

வெளியே சந்துக்குப் போய்ப் பார்த்தேன். அம்மா சுவரை ஒட்டி மண் அணைத்துத் துளசி, செம்பருத்தி, மருதாணி எல்லாம் வைத்திருக்கிறாள். ஏ.சி.யின் தண்ணீர்க் குழாயை நான்தான் அந்தப் பாத்தியில் விட்டிருந்தேன், செடிக்குத் தண்ணீர் ஆச்சு என்று பெருமையாக. கோடையில் ஒரு ராத்திரிக்கு ஒரு பக்கெட் நிரம்பும். வருஷக் கணக்கில் சுவரின் காலடியில் ஒவ்வொரு ராத்திரியும் ஒரு பக்கெட்.

மண்ணை வெட்டினேன். பேஸ்மட்டம், அதாவது அஸ்திவாரம் முடிந்து சுவர் தொடங்கும் மட்டம், எங்கே என்று தேடிக்கொண்டே போனால், சந்தின் தரை மட்டத்துக்கு ஒன்பது அங்குலம் கீழே கிடைத்தது. அப்பா கட்டும்போது தெருவிலிருந்து இரண்டடி உயரத்தில் போட்டது அது. பேஸ்மட்டத்தின் மேல் ஓதம் ஏறாமல் இருக்க ஓரங்குலக் கலவையும் போட்டிருந்தார். தெரு இரண்டு முறை உயர்ந்தது. பழைய ரோட்டைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதிதாகப் போட வேண்டும் என்று 2021-ல் தலைமைச் செயலாளர் உத்தரவு போடுவதற்கு முன்பே எங்கள் தெரு உயர்ந்துவிட்டது. ஒவ்வொரு முறையும் மழைத்தண்ணீர் உள்ளே வராமல் இருக்க நாங்களே சந்தில் கட்டட இடிபாடும் மண்ணும் கொட்டி மேடாக்கினோம். அப்பா போட்ட தடுப்பு மண்ணுக்குள் போய்விட்டது. அதற்கு மேலே உள்ள செங்கல் ஈரமண்ணைத் தொட்டுக்கொண்டு நின்றது. செங்கல் உறிஞ்சாமல் என்ன செய்யும்?

பொங்கல் விடுமுறையில் ஆள் வைத்து மேற்குச் சந்து முழுவதும் ஒன்றேகால் அடி மண் எடுத்தோம். நாற்பது மூட்டைக்கு மேல். செடிகளைத் தொட்டிக்கு மாற்றினேன். மருதாணி பிழைக்கவில்லை, அம்மா இன்னும் சொல்லிக்காட்டுகிறாள். சந்துக்குத் தெருப்பக்கம் சரிவு வைக்க முடியாது, தெருவே மேடு. அதனால் பின்பக்கம் சரித்து, கொல்லையில் ஒரு உறிஞ்சுகுழி. ஏ.சி. குழாய் இப்போது நேராக அங்கே போகிறது.

மண்ணை எடுத்தபோது பின்வாசல் நிலைக்காலை ஒட்டிப் பென்சில் பருமனில் ஒரு மண்கோடு தெரிந்தது. கரையான். இரண்டு அங்குலம் உடைத்துவிட்டு மூன்று நாள் விட்டேன். மறுபடி கட்டியிருந்தது, அப்படியென்றால் உயிரோடு இருக்கிறது. இதில் நான் கைவைக்கவில்லை, ஆளைக் கூப்பிட்டேன். சுவரோரமாக ஓரடிக்கு ஒரு துளை போட்டு, லிட்டருக்கு 2.1 மில்லி கணக்கில் இமிடாகுளோப்ரிட் என்ற கரையான் மருந்தைக் கரைத்து இறக்கினார்கள். கிணற்றுப் பக்கம் மட்டும் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அந்த நிலைக்காலின் கீழ் ஆறு அங்குலத்தை வெட்டி வேறு மரம் ஒட்டவைக்க வேண்டியிருந்தது.

மேஸ்திரியோடு வழக்கு

உள்சுவரில் மூன்றடி உயரத்துக்குப் பூச்சைக் கொத்தி எடுத்தோம். செங்கல்லைத் தொட்டால் கை சில்லிட்டது. மேஸ்திரி அன்றைக்கே பூசிவிடலாம் என்றார். "வாட்டர் ப்ரூஃப் லிக்விட் கலந்து இழுத்துட்டா சொட்டு வராது சார். எத்தனை வீட்டுல பண்ணியிருக்கேன்."

"ஈரம் உள்ளேயே இருக்குமே மேஸ்திரி. வெளிய வர வழி இல்லைன்னா பூச்சுக்குப் பின்னாடியே மேல ஏறும், மூணடி நாலடியாகும்."

"அதுக்காக வீட்டைக் கொத்திப் போட்டுட்டு உக்காந்திருப்பீங்களா?"

உட்கார்ந்துதான் இருந்தோம். செங்கல்லில் பூத்த உப்பை வாரம் ஒருமுறை காய்ந்த பிரஷ்ஷால் தட்டி, முறத்தில் பிடித்து வெளியே போட்டேன். கழுவக் கூடாது; கழுவினால் உப்பு கரைந்து திரும்ப உள்ளே போகும். தை பனி முடிந்து மாசி வெயில் வந்ததும் ஜன்னலைத் திறந்து ஃபேன் ஓடவிட்டேன், ராத்திரியில் ஏ.சி.யை ட்ரை மோடில் வைத்தேன். சுவரை ஒட்டி மீட்டர்: ஜனவரி 20-ல் 84, பிப்ரவரி 18-ல் 71, மார்ச் 17-ல் 62.

ஓரங்குலச் சுவர் காய ஒரு மாதம் என்று ஒரு கணக்குச் சொல்வார்கள். ஒன்பது அங்குலச் சுவர் எங்களுடையது. எனக்குப் பொறுமை இரண்டரை மாதம்தான் இருந்தது. பங்குனியில் பூசிவிட்டோம், லிக்விட் கலக்காமல். ஜூலையில் ஜன்னலுக்குக் கீழே கையகலத்துக்கு உப்புப் பூத்தது. மேஸ்திரி அதைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை, சிரித்தார். அந்த இடத்தை மட்டும் கொத்தி விட்டு வைத்திருக்கிறேன்.

டைல்ஸ், எபாக்ஸி, மண் எடுத்தது, உறிஞ்சுகுழி, கொத்தும் பூச்சும், கரையான் மருந்து, நிலைக்கால் எல்லாம் சேர்த்து நாற்பத்திரண்டாயிரம் ஆனது. இதில் மண் எடுத்ததற்கு ஒன்பதாயிரம். பட்டியும் பெயின்ட்டுமாக வருஷா வருஷம் சுவரில் அப்பியதைக் கூட்டிப் பார்க்க மனம் வரவில்லை.

பீரோ இப்போது சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி நிற்கிறது. பின்பலகையில் புத்தகப் பேன் இல்லை. இராமபாணப் பாட்டிலில் மாதத்துக்கு ஒன்றிரண்டு விழுகிறது. பாத்ரூம் சுவரில் இந்த வாரம் ஒரே ஒரு ஈ. அன்றைக்கு ராத்திரியே டேப் ஒட்டிப் பார்த்தேன், சமையலறை சிங்க்கிலிருந்து வந்திருக்கிறது. பிரஷ்ஷை எடுத்துத் தேய்த்துவிட்டேன்.

இந்த ஐப்பசி பிறக்க இன்னும் பத்து நாள். தெருமுனையில் நேற்று ஜல்லி கொட்டியிருக்கிறார்கள். தெருவுக்கும் எங்கள் வாசல் படிக்கும் இப்போதைய உயரம் ஏழு அங்குலம். டேப் வைத்து அளந்து, காம்பவுண்டுச் சுவரில் ஆணியால் கீறித் தேதி போட்டு வைத்திருக்கிறேன்.